நிலம் யார் பெயரில்? உல்ஃப் லாடெஜின்ஸ்கி விட்டுச்சென்ற கேள்வி

திருவண்ணாமலையின் ரமணாசிரமம் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் நடந்து செல்பவர்களின் காதில் உலகின் பல மொழிகள் விழும். 1930களில் பால் பிரண்டன் எழுதிய நூல் வழியாக மேற்குலகம் இவ்வாசிரமத்தை அறிந்தது. அன்று தொடங்கிய வெளிநாட்டார் வருகை இன்றுவரை நிற்கவில்லை. அமைதி தேடி வருபவர்களில் பலர் இங்குள்ள வறுமையைக் கண்டு தம்மால் இயன்றதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அன்னதானம், குழந்தைகளின் படிப்பு, மருத்துவ உதவி, மரக்கன்று எனச் செங்கம் சாலையிலும் கிரிவலப் பாதையிலும் அந்த இரக்கத்தின் தடங்கள் தெரிகின்றன. இதை யாரும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காலத்தில் மலையைச் சுற்றியுள்ள விளைநிலங்கள் மனைகளாகப் பிரிந்து விலை ஏறின. அந்நிலங்களில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட சேரி மக்களின் பெயர் அந்தப் பத்திரங்களில் அரிதாகவே இருந்தது. உதவி வந்துகொண்டே இருக்கிறது. உடைமை இடம் மாறவில்லை.

இந்த முரணை உலக அளவில் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்ட மனிதர் ஒருவர் உண்டு. அவரும் வெளிநாட்டிலிருந்து தமிழகத்திற்கு வந்தவர்தான். வயல் வரப்பில் நின்று, இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, விளைச்சலில் உனக்கு எவ்வளவு, அதற்கு எழுத்துச் சான்று உண்டா என்று உழவர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். அவர் உல்ஃப் லாடெஜின்ஸ்கி. ஜப்பானின் நிலச் சீர்திருத்தத்தோடு சேர்த்து உலகம் நினைவுகூரும் இப்பெயரைத் தமிழ்நாட்டு நில உரிமை இயக்கங்களும் அறிந்திருக்க வேண்டும். அவருடைய வெற்றி ஒன்றைக் கற்பிக்கிறது; இந்தியாவில் அவர் கண்ட தோல்வி அதைவிட அதிகம் கற்பிக்கிறது.

உடைமையை இழந்த இளைஞர்

லாடெஜின்ஸ்கி 1899ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசின் கீழிருந்த உக்ரைனில் கட்டெரினோபில் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். வசதியான குடும்பம். 1917இல் வெடித்த புரட்சியும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் அக்குடும்பத்தின் உடைமைகளைப் பறித்தன. 1921இல் எல்லையைக் கடந்து ருமேனியாவுக்குத் தப்பிய அவர், அடுத்த ஆண்டு அமெரிக்கா சேர்ந்தார். நியூயார்க்கில் கூலி வேலைகள் செய்தும் செய்தித்தாள் விற்றும் ஆங்கிலம் கற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1928இல் பட்டம் பெற்றார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பொருளியல் கற்ற அதே பல்கலைக்கழகம்தான் அது. இருவர் வாழ்வும் எங்கும் சந்தித்ததாகப் பதிவில்லை; எனினும் இருவர் சிந்தனையும் ஒரே கேள்வியில் வந்து முட்டியதைப் பின்னர் காண்போம்.

உடைமை இழந்த குடும்பத்துப் பிள்ளைக்கு நிலப் பகிர்வின் மீது வெறுப்பு வந்திருந்தால் வியப்பில்லை. லாடெஜின்ஸ்கி வேறொரு முடிவுக்கு வந்தார். ரஷ்ய உழவருக்கு உரிய காலத்தில் நிலம் கிடைத்திருந்தால் போல்ஷெவிக்குகளால் ஆட்சியைக் கைப்பற்றியிருக்க முடியாது என்று அவர் உறுதியாக நம்பினார். அவருடைய நிலச் சீர்திருத்த ஆர்வத்தின் வேரில் கம்யூனிச எதிர்ப்பு இருந்தது. இதை மறைத்து அவரைப் போற்றுவது நேர்மையாகாது. ஆனால் அந்த நோக்கமே, நிலவுடைமையாளர்களிடம் சலுகை காட்டாத பிடிவாதத்தையும் அவருக்குத் தந்தது.

ஜப்பான்: குழுவில் யார் அமர்ந்தார்கள்?

1930களில் அமெரிக்க வேளாண் துறையில் சேர்ந்த அவர், ஆசிய நாடுகளின் நிலவுறவுகளை ஆராய்ந்து எழுதத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெனரல் மெக்கார்தரின் தலைமையகத்தில் வேளாண் ஆலோசகராக டோக்கியோ சென்றார். அன்றைய ஜப்பானில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 46 விழுக்காடு குத்தகையில் இருந்தது. குத்தகை உழவர் விளைச்சலில் பாதியளவை நிலக்கிழாருக்கு அளந்துவிட்டு மீதியில் உயிர் வாழ்ந்தார்.

1946 அக்டோபரில் நிறைவேறிய சட்டம், ஊரில் வாழாத நிலக்கிழாரின் குத்தகை நிலம் முழுவதையும் அரசு வாங்கும் என்றது. ஊரில் வாழும் நிலக்கிழார், ஹொக்கைடோ நீங்கலான பகுதிகளில், சராசரியாக இரண்டரை ஏக்கர் அளவுக்கே குத்தகை நிலம் வைத்துக்கொள்ளலாம். வாங்கிய நிலம் உழுதவருக்கே நீண்ட காலத் தவணையில் விற்கப்பட்டது. 1950க்குள் ஏறத்தாழ 20 இலட்சம் ஹெக்டேர் கைமாறியது. குத்தகை நிலத்தின் அளவு சுமார் 10 விழுக்காடாகச் சுருங்கியது. சீர்திருத்த மனங்கொண்ட ஜப்பானிய அதிகாரிகளும், போருக்கு முன்பிருந்தே போராடிய குத்தகை உழவர் சங்கங்களும் இல்லாமல் இது நடந்திருக்காது.

நாம் கவனிக்க வேண்டியது உச்சவரம்பின் அளவை மட்டுமன்று. ஒவ்வொரு ஊரிலும் நிலத்தை அளந்து, விலை வைத்து, யாருக்கு என்று முடிவு செய்ய ஒரு நிலக்குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பத்து உறுப்பினர்களில் ஐவர் குத்தகை உழவர், மூவர் நிலக்கிழார், இருவர் சொந்த நிலத்தில் உழுபவர். நிலம் பெற வேண்டியவர்களே குழுவின் பாதியாக அமர்ந்திருந்தார்கள். யார் உழுகிறார் என்பதை அவர்களிடம் மறைக்க முடியவில்லை. பினாமிப் பெயர்களை அவர்கள் கண்முன் எழுத முடியவில்லை. நல்லாட்சி என்று இன்று வளர்ச்சி நிறுவனங்கள் பேசுவதன் உட்பொருள் இதுதான்: முடிவெடுக்கும் இடத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது.

தைவானிலும் அவர் ஆலோசகராக இயங்கினார். 1949இல் அங்குக் குத்தகை விளைச்சலின் 37.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாதென வரையறுக்கப்பட்டது. 1953இல் நிலம் உழுபவருக்கு வழங்கப்பட்டது. இவ்விரு நாடுகளின் பிற்காலத் தொழில் வளர்ச்சிக்கு இந்த நிலப் பகிர்வும் ஓர் அடித்தளம் என்பதைப் பொருளியலாளர் பலர் ஏற்கின்றனர். நிலம் பெற்ற உழவர் பொருள் வாங்கினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தச் சந்தையின் மீதும் அந்தக் கல்வியின் மீதும் தொழிற்சாலைகள் எழுந்தன.

தஞ்சை வயலில்

1952இல் இந்தியத் திட்டக்குழுவுக்காக அவர் பஞ்சாப், காஷ்மீர், சென்னை மாகாணம் ஆகிய பகுதிகளைச் சுற்றிப் பார்த்தார். தமிழகத்தில் அவர் ஆராய்ந்தது தஞ்சாவூர். காவிரி நீர் பாய்ந்த அந்த மண்ணில் கோயில்களும் மடங்களும் மிராசுதாரர்களும் நிலத்தை வைத்திருந்தார்கள். பண்ணையாள்களாகக் கட்டுண்டு கிடந்தவர்களில் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட மக்கள். பொதுவுடைமை இயக்கத்தின் கீழ் அவர்கள் திரண்டு எழுந்ததன் விளைவாகவே அதே ஆண்டு இராஜாஜி அரசு தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அச்சட்டத்தின் ஓட்டைகள் பெரியவை. ஓர் ஊரில் ஒரு வேலி, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக நிலம் வைத்திருப்பவரை அது தொடவில்லை. நிலத்தை உறவினர் பெயர்களில் பிரித்து எழுதிக் கொள்ள அதுவே வழி காட்டியது. குத்தகை பெரும்பாலும் வாய்மொழியில் இருந்தது. சாகுபடியாளர் யார் என்பதற்குச் சான்று இல்லை. சான்று கேட்டால் அடுத்த போகத்தில் நிலம் இல்லை. சட்டம் ஒன்று உண்டு என்பதை அறியாதவர்களும், அறிந்தும் அஞ்சியவர்களுமாக உழவர்கள் இருந்ததை லாடெஜின்ஸ்கி தம் அறிக்கைகளில் பதிவு செய்தார். பதிவேடு இல்லாத உரிமை உரிமையாகாது என்பதும், நிலக்கிழார்களின் செல்வாக்கில் இயங்கும் நிர்வாகம் நிலக்கிழார்களுக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றாது என்பதும் அவர் திரும்பத் திரும்ப வந்தடைந்த முடிவுகள்.

வாஷிங்டனின் சந்தேகமும் வியட்நாமின் தோல்வியும்

கம்யூனிசத்தைத் தடுக்கவே நிலம் பகிர வேண்டும் என்று வாதிட்டவரை, 1954 டிசம்பரில் அமெரிக்க வேளாண் துறை பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கூறி வேலையிலிருந்து நீக்கியது. பழைய சோவியத் வணிக நிறுவனமொன்றில் சிறிது காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்ததும், ரஷ்யாவில் உறவினர்கள் இருந்ததும் குற்றங்களாயின. கடும் கண்டனம் எழுந்தது. சில வாரங்களுக்குள் அதே அரசின் வெளிநாட்டு உதவித் துறை அவரைப் பணியில் அமர்த்தித் தென் வியட்நாமுக்கு அனுப்பியது. வேளாண் துறையும் அடுத்த ஆண்டு தன் பழியைத் திரும்பப் பெற்றது. உடைமையைப் பகிரப் பேசுபவர் எந்த நோக்கத்தோடு பேசினாலும் அதிகாரத்தின் கண்ணில் ஐயத்துக்குரியவரே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வியட்நாமில் 1961 வரை அதிபர் நோ டின் டியெமுக்கு ஆலோசகராக இருந்தார். அங்கு 1956இல் வந்த ஆணை ஒரு நிலக்கிழார் 100 ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றது. ஜப்பானில் இரண்டரை ஏக்கர். இங்கு 100 ஹெக்டேர். குத்தகை உழவர்களில் மிகச் சிலருக்கே நிலம் கிடைத்தது. அமெரிக்கப் பணம் கோடிக் கணக்கில் இறங்கியது. ஆலோசகரும் அதே மனிதர்தான். மாறியது அரசின் வர்க்கத் தன்மை. ஜப்பானில் போரில் தோற்ற நிலக்கிழார் வர்க்கத்தைக் காக்க யாரும் இல்லை. சைகோனில் அவர்களே அரசின் தூண்கள். உதவிப் பணத்தால் அந்த வேறுபாட்டை அழிக்க முடியவில்லை.

உதவியின் நிபந்தனைகள்

அதன்பின் ஃபோர்டு அறக்கட்டளையிலும், 1964 முதல் உலக வங்கியிலும் பணியாற்றிய லாடெஜின்ஸ்கியின் இறுதிக் காலம் பெரும்பாலும் இந்தியாவில் கழிந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு 1960-61இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தின் முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றை ஒரு தொகுப்பாக உழவரிடம் சேர்ப்பது அதன் வழி. தஞ்சை உள்ளிட்ட மாவட்டங்களின் குத்தகை நிலையை ஆராய்ந்து அவர் அளித்த அறிக்கை 1965இல் வெளிவந்தது. அடுத்த போகம் நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத வாரதாரர் கடன் வாங்கி உரமிட மாட்டார். எழுத்துச் சான்று இல்லாதவருக்குக் கூட்டுறவுக் கடன் கிடைக்காது. எனவே தொகுப்பு முழுவதும் மேலே உள்ளவர்களிடமே தங்கும் என்பதே அதன் சாரம்.

அந்த எச்சரிக்கைக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். 1960களின் நடுவில் இந்தியா உணவுக்கு அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. ஜான்சன் அரசு கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அனுப்பியது. 1965இல் நம் மாநிலத்தவரான உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சரோடு உடன்பாடு கண்டார். 1966 ஜூனில் ஒரு டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆக மதிப்பிழந்தது. நாணய மதிப்பு, இறக்குமதிக் கட்டுப்பாடு, உரத் தொழிலில் அந்நிய முதலீடு, உயர் விளைச்சல் விதை ஆகியவற்றை முன்வைத்துக் கொடையாளர் நாடுகளும் உலக வங்கியும் வலுவாக அழுத்தின. நிலப் பகிர்வு குறித்து அத்தகைய அழுத்தம் எழவில்லை. வங்கியின் சொந்த ஆலோசகர் எழுதிய அறிக்கைகள் அலமாரியில் இருந்தன. பணம் கொடுப்பவர்கள் நிபந்தனை விதிக்க இயலாதவர்கள் அல்லர். எதை நிபந்தனையாக்குவது, எதை அறிவுரையோடு விட்டுவிடுவது என்று தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்வின் விளைவைத் தஞ்சை விரைவில் கண்டது. புதிய விதையும் உரமும் விளைச்சலை உயர்த்தின. விளைவித்தவர்கள் கூலியில் பங்கு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 தலித் உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1969இல் பஞ்சாபையும் பீகாரின் கோசிப் பகுதியையும் ஆராய்ந்து லாடெஜின்ஸ்கி எழுதிய கட்டுரைகள் இதே போக்கை அங்கும் காட்டின: நிலத்தின் மதிப்பு ஏற ஏற, வாரம் உயர்ந்தது, வாரதாரர் வெளியேற்றப்பட்டுக் கூலியானார். பசுமைப் புரட்சியின் கொண்டாட்டக் காலத்தில் அதைச் சொல்ல அவர் தயங்கவில்லை. 1975 ஜூலை 3ஆம் நாள் வாஷிங்டனில் அவர் இறந்தார்.

அம்பேத்கர் கண்ட இடம்

லாடெஜின்ஸ்கியின் சட்டகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் மையத்தில் இருந்தவர் குத்தகை உழவர். நிலமற்ற கூலித் தொழிலாளி அதன் விளிம்பில் நின்றார். ஜப்பானில் அது பெருங்குறையாகத் தெரியவில்லை. அங்குக் குத்தகை உழவரே பெருந்திரள். தமிழகத்தில் குத்தகைக்கும் கூலிக்கும் இடையே சாதிக்கோடு ஓடியது. உழுபவருக்கு நிலம் என்ற முழக்கம் இங்கே சட்டமானபோது, உழுபவர் என்று பதிவேட்டில் ஏறியவர் பெரும்பாலும் இடைநிலைச் சாதிக் குத்தகைதாரர். அவருக்குக் கீழே சேற்றில் நின்ற பறையரும் பள்ளரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இதை 1947இலேயே அண்ணல் அம்பேத்கர் கண்டிருந்தார். அரசுகளும் சிறுபான்மையினரும் என்ற தம் அரசமைப்பு முன்வரைவில், குத்தகைச் சட்டங்களும் நில ஒருங்கிணைப்பும் நிலமற்ற தீண்டப்படாத மக்களுக்குப் பயன் தரா என்று அவர் வாதிட்டார். விளைநிலம் அரசுடைமையாகி, ஊர் மக்களுக்குச் சாதி, சமய வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளாகத் தரப்பட வேண்டும். நிலக்கிழார், குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற மூன்று நிலைகளும் இருக்கக் கூடாது என்பது அவர் திட்டம். கொலம்பியாவில் கற்ற இருவரில் ஒருவர் உலகெங்கும் நிலத்தை ஆராய்ந்தார். மற்றவர் சேரியிலிருந்து நிலத்தைப் பார்த்தார். கோடு எங்கே ஓடுகிறது என்பது சேரியிலிருந்து பார்த்தவருக்கே தெரிந்தது.

அவர் திட்டத்தை நாடு ஏற்கவில்லை. 1961இன் சட்டம் 30 தரநிலை ஏக்கர் என்று வைத்த உச்சவரம்பு 1970இல் 15 ஆகக் குறைந்தது. அதற்குள் நிலம் பினாமிப் பெயர்களிலும் விலக்குகளிலும் ஒளிந்துவிட்டது. குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969இல்தான் வந்தது. வெண்மணிக்குப் பின்னர் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தன. பண்ணையாரின் மனையில் வாழ்ந்தவரைக் குடிசையைக் காலி செய் என்று மிரட்ட முடியாத நிலையை அந்தக் கடைசிச் சட்டம் பலருக்குத் தந்தது. இவற்றை ஈன்றது செங்கொடியின் கீழும் நீலக்கொடியின் கீழும் திரண்ட மக்களின் போராட்டம். எந்தக் கொடையாளரின் நிபந்தனையிலும் இவை இருந்ததில்லை.

மலையடிவாரத்திற்குத் திரும்புவோம்

திருவண்ணாமலை 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் சிற்றூர்களைப் பசுமைப் புரட்சியின் பயனை அளக்க 1970களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் பன்னாட்டு ஆய்வு நிறுவனங்களும் வந்தன. இது ஏரியையும் கிணற்றையும் நம்பிய மண். மின் இறைப்பான் பொருத்தக் கிணறு வேண்டும். கிணற்றுக்கு நிலம் வேண்டும். கடனுக்கு அந்த நிலத்தின் பட்டா வேண்டும். நிலமில்லாத குடும்பம் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணிக்கே வெளியே நின்றது. இலவச மின்சாரம் வந்தபோதும் அது கிணறு உள்ளவருக்கே வந்தது.

இந்த மண்ணில் சீர்திருத்தத்தின் மற்றொரு பாதையும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன்பின்னும் தாழ்த்தப்பட்டவர் அல்லாதாருக்குக் கைமாற்றக் கூடாது என்பவை நிபந்தனைகள். காகிதத்தில் இத்தனை வலுவான பாதுகாப்பு இருந்தும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. நிபந்தனையைக் காக்க வேண்டிய கிராம நிர்வாகத்தின் நாற்காலிகளில் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதில் அதற்கான விடை இருக்கிறது.

லாடெஜின்ஸ்கியின் வாழ்வை மூன்று நாடுகளாகப் பிரித்துப் பார்த்தால் ஒரே பாடம் கிடைக்கும். ஜப்பானில் நிலம் பெற வேண்டியவர்கள் குழுவில் அமர்ந்தார்கள்; நிலம் வந்தது. வியட்நாமில் நிலக்கிழார்கள் அமர்ந்தார்கள். வெளிநாட்டுப் பணம் மட்டும் வந்தது. இந்தியாவில் சட்டம் வந்தது, உதவியும் வந்தது. நாற்காலியில் சாதி அமர்ந்திருந்தது. ஆகவே, உதவி நல்லதா தீயதா என்ற விவாதத்தோடு நாம் நின்றுவிட முடியாது. அந்த உதவி எந்தப் பதிவேட்டின் வழியாக, யார் கையெழுத்தில், யார் பெயருக்குச் செல்கிறது என்பதே கேட்கப்பட வேண்டியது.

கல்லூரி மாணவர்களுக்கும் களச் செயல்பாட்டாளர்களுக்கும் இதில் கைக்கெட்டிய வேலை இருக்கிறது. உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டையும் சிட்டாவையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெறுங்கள். பஞ்சமி நிலம் என்று குறிக்கப்பட்ட புல எண்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். அதைக் கிராம சபையில் எழுப்புங்கள்; தீர்மானமாக எழுத வையுங்கள். ரமணாசிரமம் பகுதியில் அமைதி தேடும் வெளிநாட்டார் இனியும் வருவார்கள், கொடுப்பார்கள், போவார்கள். வரப்பில் நின்று, நிலம் யார் பெயரில் என்று கேட்ட வெளிநாட்டவர் விட்டுப்போன கேள்வி நம்மிடம் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய முறை இப்போது நம்முடையது.